பாதி நாவல்களைச் சிபாரிசு செய்தவன்

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரர் தன் மகளுக்குப் பதினான்கு வயது ஆகிறது என்றும், இந்தக் காலத்துப் பிள்ளைகள் மாயம், மந்திரம், உலகம் அழிவது மாதிரிக் கதைகளைத்தான் கேட்கிறார்கள் என்றும், அதில் எது நல்லது என்று உங்களுக்குத்தான் தெரியுமாமே என்றும் கேட்டார். நான் பாயசத்தைப் பாதியில் விட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டேன். அகம்பாவம் பிடித்தவன் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். அகம்பாவம் கௌரவமான குற்றச்சாட்டு. உண்மை அதைவிடக் கேவலம். எனக்குப் பயம்.

தொண்ணூறுகளின் நடுவிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருடம் மட்டாஞ்சேரியில் நான் செய்துவந்த காரியம் அது. உலகம் அழிந்தபின் மிச்சமிருப்பவர்களின் கதை, சிரிப்பதற்கு அனுமதிச் சீட்டு வாங்கவேண்டிய நகரத்தின் கதை, டிராகன் வளர்க்கும் அநாதையின் கதை என்று பிள்ளைகளுக்கு நாவல்களை எடுத்துக் கொடுத்து, 'இது உனக்குச் சரியாக இருக்கும்' என்று டாக்டர் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவற்றில் ஒன்றையும் நான் படித்ததில்லை.

எங்கள் வாசகசாலை அரிசிக் கிடங்குகளுக்குப் பின்னால், நகரசபைக் குவார்ட்டர்ஸின் முகப்பில் ஒரே ஓர் அறை. நகரசபையின் துப்புரவு வேலைக்கென்று எப்போதோ தமிழ்நாட்டிலிருந்து வந்து இறங்கிய குடும்பங்கள் தொடங்கியது. பக்கத்துச் சுக்குக் கிடங்குகளிலிருந்து தூசி பறந்து வரும். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதலில் தும்மல், பிறகுதான் முதல் வரி. தமிழ்ப் பத்திரிகை மத்தியானம் வந்து சேரும். அதில் மதுரையின் மின்வெட்டைப் பற்றிப் படித்துவிட்டு, எங்கள் தெருவில் மூன்று நாளாகத் தண்ணீர் வராததை மறந்து கவலைப்படுவோம்.

அதற்கு நான் நூலகர் ஆனது என் அறிவால் அல்ல. நான் கானை வாருகிற கூட்டத்தில் இருந்தேன். கொச்சியில் சாக்கடைக் கால்வாயைக் கானை என்போம். விடியுமுன் இறங்கினால் மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடும். குளித்துவிட்டால் சாயங்காலம்வரை சும்மா. சும்மா இருக்கிறவனிடம் சாவியைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

தலைவர் ஒருவர் இருந்தார். எங்கள் கூட்டத்துக்கே மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல நூல்கள் மீது அவருக்கு அபார நம்பிக்கை. மகான்களின் வாழ்க்கை வரலாறுகளை நாற்பது பிரதி வாங்கி அடுக்கியிருந்தார். அவற்றைத் திறந்தவர்கள் கரையான்கள் மட்டுமே. அவையும் முன்னுரையைத் தாண்டவில்லை. எங்கள் பிள்ளைகள் பள்ளியில் படித்தது மலையாளம், கொஞ்சம் இங்கிலீஷ். தமிழைக் கண் ஆஸ்பத்திரியில் எழுத்துப் பலகையைப் படிப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிவிட்டுச் சரியா என்று நம் முகத்தைப் பார்ப்பார்கள்.

ஆனால் பிள்ளைகள் வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை நூலகப் பரிசோதகர் வருவார். எத்தனை பிள்ளைகள் புத்தகம் எடுத்தார்கள், படித்ததைப் பற்றி நோட்டில் என்ன குறிப்பு எழுதினார்கள் என்று பார்த்துத்தான் தரம் போடுவார். ஒரு வருடம் எங்கள் நோட்டில் இருந்த பதினாறு குறிப்புகளும் ஒரே கையெழுத்தில் இருந்தன. என் கையெழுத்து. பரிசோதகர் அதை மூடி வைத்துவிட்டு, குழந்தைகளின் எழுத்து நன்றாக முதிர்ந்திருக்கிறது என்றார்.

அந்த அவமானத்தில்தான் நான் பழைய பேப்பர் கடைக்குப் போனேன். கோட்டைப் பக்கத்து விடுதிகளில் தங்கும் வெள்ளைக்காரர்கள் படித்த நாவல்களை அறையிலேயே விட்டுப் போவார்கள். விடுதிக்காரர்கள் அவற்றைப் பழைய பேப்பரோடு தள்ளிவிடுவார்கள். கடைக்காரர், எங்கள் எல்லோருக்கும் சேட்டன், சாக்கைக் கவிழ்த்து, வேண்டியதை அள்ளிக்கொள் என்றார். அந்த ஜனங்களுக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. முதுகில் சுமக்கும் பையின் பாரம் குறையவேண்டுமென்று, படித்த பக்கங்களைக் கிழித்துப் போட்டுக்கொண்டே ஊர் ஊராகப் போவார்கள். கடலைத் தோலை உரித்துப் போடுவதுபோல. முதல் பாதி கொச்சியில் கிடக்கும், இரண்டாம் பாதி எந்த ஊரில் கிடக்கிறதோ. பாதி பாதியாகக் கிடந்ததையெல்லாம் நான் முத்திரை குத்தி அடுக்கினேன். புத்தகத்தின்மேல் இருந்த மரியாதையால் அல்ல. எண்ணிக்கைக்குப் பாதியும் ஒன்றுதான்.

இனி சிபாரிசு. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் சுற்றறிக்கை இங்கிலீஷ். 'மேற்குறிப்பிட்ட', 'இத்துடன் இணைத்துள்ள' என்பது போன்றவை வந்தால் புரியும். நாவல்களில் அவை வருவதில்லை. ஆகவே அட்டைப்படத்தைப் பார்த்து மூன்று தட்டாகப் பிரித்தேன். டிராகன் இருந்தால், கையில் கிடைத்ததை உடைக்கும் பையன்களுக்கு. வாள் ஏந்திய பெண் இருந்தால், அம்மாவோடு சண்டை போடும் பெண்களுக்கு. பாழடைந்த நகரம் இருந்தால், பேசாத பிள்ளைகளுக்கு. வெட்கக்கேடு என்னவென்றால் இது பலித்தது. டிராகன் வாங்கிப்போன பையன் ஒரு வாரம் எதையும் உடைக்கவில்லை. மட்டாஞ்சேரியில் நான் படிப்பாளி ஆகிவிட்டேன். படகு ஜெட்டியில் டிக்கெட் கொடுக்கிறவர்கூடத் தன் மகனுக்கு என்ன படிக்கக் கொடுக்கலாம் என்று கேட்டார். மகனுக்கு எதையாவது உடைக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டேன். அவர் அசந்துபோனார்.

பிள்ளைகள் மட்டும் அசரவில்லை. தண்ணீருக்காக ஜனங்கள் குடத்தோடு வரிசையில் நிற்கும் எதிர்கால நகரத்தைப் பற்றி ஒரு பையன் படித்துவிட்டு வந்து, 'இதுல எதிர்காலம் எங்க இருக்கு?' என்று கேட்டான். அன்றைக்கு எங்கள் தெருவில் டேங்கர் லாரி வந்த நாள். அவன் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத்தான் புத்தகத்தைத் திருப்பித் தர வந்திருந்தான்.

தலைவருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. பிள்ளைகள் கெட்டுப்போகும், உருப்படாத கற்பனை, பேய் பிசாசு என்று கமிட்டிக் கூட்டத்தில் கத்தினார். நான் எழுந்து, கற்பனை என்பது மனத்தின் ஜன்னல் என்று ஏதோ வாரப்பத்திரிகையில் படித்ததை அப்படியே ஒப்பித்தேன். கை தட்டினார்கள். தட்டிய கைகளைப் பார்த்து எனக்கு இளப்பமாக இருந்தது. இவ்வளவு மலிவான வாக்கியத்துக்கா.

இந்தப் பெருமையில் நான் மிதந்துகொண்டிருந்தபோதுதான் அந்தப் பெண் வந்தாள்.

அவள் அப்பா என்னோடு கானையில் இறங்கியவர். ஒரு மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டார். அப்போது அவள் பத்தாம் வகுப்பு. வேலையில் இருக்கும்போது இறந்தவரின் பிள்ளைக்கு நகரசபையில் வேலை உண்டு. நாங்கள் வாரிசு வேலை என்போம். பிள்ளை சின்னதாக இருந்தால் பதினெட்டு வயது ஆகும்வரை காத்திருக்கலாம். அதுவரை குவார்ட்டர்ஸிலும் இருந்துகொள்ளலாம். அவள் ப்ளஸ் டூ முடித்துவிட்டு, பதினெட்டு ஆவதற்கு மூன்று மாதம் இருந்தபோது வாசகசாலைக்கு வந்து ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றாள். பேசாத பிள்ளை. மூன்றாவது தட்டு. அட்டையில் சாம்பல் நிறத்தில் ஒரு நகரம் இருந்த நாவலை எடுத்து, 'இது உனக்குச் சரியாக இருக்கும்' என்றேன். முதல் பாதி மட்டும்தான் இருந்தது.

இரண்டு நாளில் திரும்பி வந்தாள்.

"மாமா, பாக்கி எங்க?"

வரும் என்றேன். அதை நான் எல்லோருக்கும் சொல்வதுண்டு. பாதி நாவல் வாங்கிப்போன யாரும் பாக்கியைத் தேடி மூன்றாம் முறை வந்ததில்லை. இவள் ஏழு முறை வந்தாள்.

எட்டாவது முறை வந்தது அவள் அம்மா. சுக்குக் கிடங்கில் வேலை பார்ப்பவர். தலைமுடியெல்லாம் தூசியோடு நேராக வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். மகளுக்குப் பிறந்தநாள் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. நான் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, கையெழுத்து, எங்கள் பேச்சில் ஒப்பு, போடவேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, ஒரு வாரத்துக்கு முன்பே கொடுத்திருந்தேன். குவார்ட்டர்ஸில் எல்லோருடைய வாரிசு விண்ணப்பத்தையும் எழுதுகிறவன் நான்தான்.

"அண்ணே, அவ ஒப்பு போடமாட்டேங்குறா."

"ஏனாம்?"

"எனக்கெங்க தெரியும்? நீங்க கொடுத்த புஸ்தகத்துல ஒரு ஊரு இருக்காம். அப்பன் என்ன வேலை செஞ்சானோ அந்தச் சாமானை வாசக்கதவுல மாட்டி வச்சிருப்பாங்களாம். பிள்ளைக்கு வயசு வந்ததும் சாம்பல் கோட்டு போட்ட ஒருத்தன் வந்து, அதை எடுத்துப் பிள்ளை கையில குடுத்துட்டுப் போவானாம். இதைச் சொல்லிட்டு அவங்க அப்பா மம்மட்டியைக் கதவுக்குப் பின்னால இருந்து எடுத்து வெளியில வச்சிட்டா."

விண்ணப்பம் கொடுக்க இன்னும் இருபது நாள்தான் இருந்தது. அது தவறினால் வேலையும் இல்லை, குவார்ட்டர்ஸும் இல்லை. வீட்டைக் காலி செய்வது பற்றிக் கேட்டு ஒரு கடிதம் ஏற்கெனவே வந்திருந்தது. அதையும் மலையாளத்திலிருந்து தட்டுத்தடுமாறிப் படித்துச் சொன்னவன் நான்தான்.

"நீங்க ஏத்தினீங்க, நீங்களே இறக்குங்க," என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டார்.

ஒரு வீட்டை நான் தெருவில் நிறுத்தப்போகிறேன், அதுவும் படிக்காத புத்தகத்தால். படித்திருந்தாலாவது ஒரு கௌரவம் இருந்திருக்கும். மனத்தின் ஜன்னல் என்று சொன்னவனைப் பிடித்து அந்த ஜன்னல் வழியாகவே வெளியே எறியவேண்டும் என்று தோன்றியது. தலைவருக்குத் தெரிந்தால் என்ன சொல்வார் என்று நினைத்தேன். ஒரு குடும்பம் வீடிழக்கப்போகும் நேரத்தில் தலைவர் என்ன சொல்வார் என்று கவலைப்படும் மனிதன் எப்படிப்பட்டவன் என்றும் நினைத்தேன். பதில் தெரிந்ததால் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு பேப்பர் கடைக்கு ஓடினேன். என் மூளை கண்டுபிடித்த வழி இதுதான்: இரண்டாம் பாதியைக் கண்டுபிடித்தால், அதில் கதாநாயகி எப்படியும் மனம் மாறியிருப்பாள், காட்டிவிடலாம்.

சேட்டன் சாக்குகளைக் கொட்டினார். பன்னிரண்டு இரண்டாம் பாதிகள் கிடைத்தன. ஒன்றில் டிராகன் செத்திருந்தது. ஒன்று ஜெர்மன் பாஷை. சாம்பல் நகரம் இல்லை. 'பழைய பேப்பர் வாங்கறவன் இத்தனை நேரம் படிச்சுப் பார்த்து வாங்கறதை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்' என்று சேட்டன் மலையாளத்தில் தன் தம்பியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

அதோடு நிற்கவில்லை. கோட்டைப் பக்கம் போய், மீன்வலைகளைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரரின் முன்னால் பாதிப் புத்தகத்தை நீட்டி, கையால் கிழிப்பதுபோலச் செய்து காட்டி, மிச்சம் எங்கே என்று சுற்றறிக்கை இங்கிலீஷில் கேட்டேன். அவர் ரொம்ப வருத்தமாக எதையோ சொல்லி என்னிடம் ஒரு வரைபடத்தைக் கொடுத்தார். அதில் கொச்சி முழுவதும் இருந்தது. நான் நிற்கும் இடத்தையும் வட்டம் போட்டுக் காட்டினார்.

மறுநாள் மத்தியானம் மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகு ஏறி எர்ணாகுளம் போனேன். இறங்காமல் அதே படகில் திரும்பினேன். மறுபடி போனேன். நான் அங்கே எந்த வேலையாகவும் போகவில்லை. நாவலின் இரண்டாம் பாதியை இயற்றிக்கொண்டிருந்தேன். மூன்று நடையில் முடிந்துவிட்டது. ஒரு நாவலாசிரியருக்கு இரண்டு வருடம் பிடிக்குமாம். என்னதான் செய்வார்களோ.

அன்று நாலு மணிக்கு அம்மாவையும் பெண்ணையும் வாசகசாலைக்கு வரச்சொல்லி, இரண்டாம் பாதி கிடைக்கவில்லை, ஆனால் நான் முன்பே அதைப் படித்திருக்கிறேன் என்று தொடங்கினேன். கதாநாயகி முதலில் கோபப்படுகிறாள். ஊரைவிட்டு ஓடுகிறாள். வழியில் ஒரு பாலம். பாலத்தில் உட்கார்ந்து அழுகிறாள். அப்போது அவளுக்குத் தன் அம்மாவின் ஞாபகம் வருகிறது. இந்த இடத்தில் நான் குரலைத் தாழ்த்தினேன். திரும்பி வந்து, கதவிலிருந்த கருவியைத் தானே எடுத்துக்கொள்கிறாள். வேலையில் சேர்ந்து, ஊர் மதிக்க வாழ்ந்து, கடைசியில் அந்த ஊருக்கே தலைவி ஆகி எல்லாச் சட்டத்தையும் மாற்றுகிறாள். முதலில் ஒப்பு, பிறகு புரட்சி. எனக்கே பிடித்திருந்தது.

அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு, "அந்தப் பாலத்துல காவலுக்கு நிக்கிற நொண்டி நாய் என்னாச்சு மாமா?" என்றாள்.

நாயை நான் எதிர்பார்க்கவே இல்லை. முதல் பாதியில் நாய் இருந்திருக்கிறது போல. ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. அந்த நாய்தான் உண்மையில் கதையின் உயிர் என்றேன். சாம்பல் கோட்டுக்காரர்கள் துரத்தி வரும்போது, மூன்று காலோடு அவர்களை மறித்து நின்று, கதாநாயகி தப்பும்வரை கடித்துக்கொண்டே இருந்து, விடியும்போது அவள் மடியில் செத்துப்போகிறது என்றேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"புஸ்தகத்துல நாயே இல்ல மாமா."

அம்மா துடைப்பதை நிறுத்தி மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சிரிக்கத் தொடங்கினார். அவர் கணவர் இறந்ததற்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். நான் மேஜைமேல் இருந்த முத்திரையை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு அப்போது துடைக்கவேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

பெண் சிரிக்கவில்லை. பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து மேஜைமேல் விரித்தாள்.

"வேலைக்கே போகமாட்டேன்னு நான் சொல்லலியே. இதுல ஒப்பு போடமாட்டேன்னுதானே சொன்னேன். ஏன்னு யாராவது கேட்டீங்களா?" என்றாள். விரலை ஒரு கட்டத்தில் வைத்தாள். "இறந்தவரின் வேலை. அதுல துப்புரவுன்னு எழுதியிருக்கு. சரி. கோரும் வேலைன்னு கீழ ஒண்ணு இருக்கு. அதுலயும் துப்புரவு. யாரு எழுதினது?"

"நான்தான்."

"ஏன்?"

ஏன் என்றால், அப்படித்தான் எழுதுவோம். என்னிடம் ஒரு மாதிரி இருந்தது. என் அப்பா இறந்தபோது எனக்காகப் பூர்த்தி செய்த விண்ணப்பத்தின் கார்பன் நகல். எழுதியது தலைவர், அப்போது மேஸ்திரி. மலையாளத்தில் இரண்டு பக்கம் படித்துப் புரிந்துகொள்வதைவிட, ஒரு மாதிரியைப் பார்த்துப் பெயரை மாற்றி எழுதுவது சுலபம். குவார்ட்டர்ஸில் எல்லோரும் அப்படித்தான். அதைப் பார்த்தே பதினொரு பேருக்கு எழுதியிருந்தேன். பன்னிரண்டாவது அவள்.

அவள் தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் குறிப்புகள் இருந்தன. மலையாளத்தில் கடகடவென்று படித்தாள். நான் தமிழ்ப் பத்திரிகைகூட அந்த வேகத்தில் படித்ததில்லை. ஐந்தாவது குறிப்பு: விண்ணப்பதாரர் தன் கல்வித் தகுதிக்கு ஏற்ற வேலையைக் கோரலாம், காலியிடம் இருந்தால் கொடுக்கப்படும்.

கார்பன் நகலில் பின்பக்கம் ஏது? முன்பக்கம் மட்டும்தான் விழும். இருபது வருடமாக அச்சடித்த விண்ணப்பங்கள் என் கை வழியாகப் போயின. ஒன்றைக்கூட நான் திருப்பிப் பார்க்கவில்லை. வெள்ளைக்காரர்களாவது படித்துவிட்டுத்தான் கிழித்தார்கள்.

நான் அப்போதே திருந்தியிருப்பேன் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு: இல்லை. எனக்குப் பயம்தான் இன்னும் அதிகமானது. பத்தாவது பாஸ் பண்ணியவர்களுக்கான எழுத்தர் வேலையில் காலியிடம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, வருடக்கணக்கில் ஆகலாம், அதுவரை குவார்ட்டர்ஸில் விடமாட்டார்கள், கையில் கிடைப்பதை முதலில் பிடித்துக்கொள், மெல்ல மேலே போகலாம், நாங்களெல்லாம் கெட்டா போய்விட்டோம் என்று மூச்சுவிடாமல் பேசினேன். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் என்பதையும் எதற்கோ சொன்னேன். சொன்னபிறகுதான் அந்த வாக்கியம் எந்தப் பக்கம் போய்ச் சேருகிறது என்று எனக்கே புரிந்தது.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மாமா, நீங்க ஒரு கோட்டு தைச்சுக்கலாம். சாம்பல் கலர் உங்களுக்கு நல்லா இருக்கும்."

அம்மா அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கு மலையாளமும் தெரியாது, தமிழும் கையெழுத்து அளவுக்குத்தான். ஐந்தாவது குறிப்பு எது என்று கேட்டு, மகள் காட்டிய வரியின்மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

"வேலை எப்ப கெடைக்கும்னு தெரியாது. அதானே?"

"ஆமாம்மா."

"வீடு போயிடும்."

"போயிடும்."

"மழைக்கு அந்த வீட்டுல நாலு பாத்திரம் வைக்கிறோம். எங்க போனாலும் அதுக்கு மேல ஒழுகாது. எழுதுடி."

வாசகசாலை அலமாரியில் வெற்று விண்ணப்பம் ஒன்று இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவளே உருண்டை உருண்டையான எழுத்தில் எழுதினாள். நான் பென்சிலால் புள்ளி வைக்கவில்லை.

அடுத்த மாதமே அவர்கள் தோப்பும்படியில் ஒற்றை அறைக்குக் குடிபோனார்கள். அந்தப் பெண் ஒரு டெலிபோன் பூத்தில் உட்கார்ந்தாள். குவார்ட்டர்ஸ் என்னை விடவில்லை. புத்தகம் கொடுத்து ஒரு குடும்பத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தவன் என்றார்கள். குழாயடியில் என்னைக் கண்டால், அடுத்து யார் வீட்டுக்குப் புத்தகம் போகிறது என்று ஒருத்தி மற்றொருத்தியிடம் கேட்பாள். தலைவர் அவசரக் கமிட்டி கூட்டி, எல்லா இங்கிலீஷ் நாவல்களையும் அப்புறப்படுத்தத் தீர்மானம் போட்டார். மனத்தின் ஜன்னலுக்காக நான் எழுந்து போராடினேனா? கை தூக்கி ஆதரித்தேன். சாயங்காலம் புத்தகங்களைக் கட்டி, கானைக் கூட்டத்தின் மம்மட்டிகள் வைக்கும் கொட்டகையில் ஒளித்து வைத்தேன். இதைத் துணிச்சல் என்று நினைத்துவிடவேண்டாம். பேப்பர் கடைச் சேட்டன் என்னைப் பார்த்துச் சிரிப்பார் என்று பயந்துதான் திருப்பி விற்கவில்லை.

இரண்டே மாதத்தில் பரிசோதகர் வருகிறார் என்று தெரிந்தது. தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பிள்ளைகள் எடுக்கும் அந்தப் புத்தகங்களெல்லாம் எங்கே, உடனே அடுக்கு என்றார். கெட்டுப்போவது பற்றிக் கேட்டேன். தரம் குறைந்தால் அதைவிடக் கெட்டது என்றார்.

பரிசோதகர் வாசிப்புக் குறிப்பு நோட்டைப் புரட்டினார். இந்தமுறை வேறு வேறு கையெழுத்துகள் இருந்தன. ஒரு பக்கத்தில் நின்று, சத்தமாகப் படித்தார். அந்தப் பெண் மலையாளத்தில் எழுதி ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். 'இந்த நாவலின் முதல் பாதி மட்டும் கிடைத்தது. நல்ல நாவல். இரண்டாம் பாதி தனக்குத் தெரியும் என்று நூலகர் சொன்னார். தெரியாது.' எங்களுக்குத் தரம் ஒரு படி உயர்ந்தது. குழந்தைகள் சுயமாக எழுதுகிறார்களாம்.

ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து அவளுக்கு உத்தரவு வந்தது. எழுத்தர். விண்ணப்பங்கள் வாங்கும் பிரிவில் போட்டார்கள்.

அதற்கிடையில் நான் ஒரு காரியம் செய்தேன். எழுதிக் கொடுத்த பதினொரு பேரில் இருவர் ஊரிலேயே இல்லை. மிச்ச ஒன்பது பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்து, ஐந்தாவது குறிப்பைச் சொன்னேன். திட்டுவார்கள் என்று தயாராகப் போனேன். ஒருவன் பி.காம். படித்தவன். அப்போது நான் மஸ்டர் என்கிற வருகைப் பதிவேடு எழுத, அவன் என்கீழே கானையில் இறங்கிக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டு, விடுங்கண்ணே, இப்ப சொல்லி என்னாகப்போகுது என்று சொல்லி எனக்கு ஒரு சாயா வாங்கித் தந்தான். திட்டியிருந்தால் குடித்திருப்பேன். ஆறவிட்டு, அவன் அந்தப் பக்கம் திரும்பியதும் கொட்டிவிட்டு வந்தேன். தலைவரிடமும் போனேன். எனக்குக் கொடுத்த மாதிரியைப் பார்த்துத்தான் நானும் எழுதினேன், உனக்குக் கெடுதலா நினைத்தேன் என்றார். பிறகு, அந்த இங்கிலீஷ் புத்தகங்கள் வந்ததிலிருந்துதான் ஜனங்கள் இப்படிக் கேள்வி கேட்கிறார்கள் என்றார். அவர் சொன்னவற்றில் நான் மறுக்காத ஒரே வாக்கியம் அது.

மறு வருடம் இன்னொரு குடும்பத்துக்காக விண்ணப்பத்தோடு அவள் ஜன்னலுக்கு எதிரே வரிசையில் நின்றேன். விண்ணப்பத்தை அந்த வீட்டுப் பையனையே எழுதவைத்திருந்தேன். ஆனாலும் முந்தின நாளிலிருந்து பதினைந்து முறை திருப்பித் திருப்பிப் பார்த்திருந்தேன். இப்போதெல்லாம் கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட முதலில் பின்பக்கம்தான் பார்க்கிறேன்.

அவள் தாளை வாங்கினாள். முன்பக்கம் படித்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். கோரும் வேலை என்ற கட்டத்தில் ஒரு நிமிஷம் பேனாவை வைத்திருந்தாள். முத்திரையைக் குத்தி, ரசீதைக் கிழித்து நீட்டினாள்.

"அந்த நொண்டி நாய் எப்படி இருக்கு மாமா?"

"நல்லா இருக்கு. காவல் வேலைக்கு அதுவே எழுதிப் போட்டிருக்கு," என்றேன்.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர், நாய்க்கும் இந்த ஜன்னலில்தான் கொடுக்கணுமா என்று கேட்டார்.